காவல் கட்டாத பெட்டி

இந்தா தாயி, இதக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறியா? பஸ்ஸு இந்த ஆட்டம் ஆடுது, ஒரு கையில கம்பி, ஒரு கையில பொட்டின்னு என்னால நிக்க முடியல. கனமாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்க. கீழ மட்டும் வச்சிராத. கால் படக் கூடாது. சாய்ச்சும் வைக்காத. அப்படித்தான், ரெண்டு கையும் போட்டுப் புடிச்சுக்க. நல்லாருப்ப.

குண்டு கிண்டு இல்ல, பயப்படாத. டீக்கடையில வாங்குன பழைய பிஸ்கோத்து தகரப் பொட்டி. மூடிக்கு ஒரு சின்னப் பூட்டு, மேல நீளவாக்குல ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்துல பெயிண்டுல எழுதியிருக்கே, அது என் போன் நம்பரு. உள்ள காசு இருக்கு. இந்தா பாத்தியா, காசுன்ன உடனே கைய எடுக்குற. எடுக்காத தாயி. நீ புடிச்சா ஒண்ணும் ஆகாது. உனக்கு ஒண்ணும் ஆகாது. பயமெல்லாம் எனக்குத்தான். காலையில இருந்து ஒரு வாய் தண்ணி எறங்கல.

என்ன, உள்ள என்னமோ உருளுதா? ஒண்ணும் இருக்காது, சில்லறையா இருக்கும். நீ குலுக்காம வையி.

உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா. நல்லது, நல்லது. கருப்பு கோயில் ஸ்டாப்புலதான எறங்குற? எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? அத விடு. அதுக்கு இன்னும் நேரம் இருக்கு, நான் சொல்றதக் கேட்டுக்கிட்டு வா. யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

எம் பேரு ராக்காயி. நான் ஏறுன எடத்துக்கு முன்னாடி எடது கைப்பக்கம் ஒரு கொய்யாத் தோட்டம் வந்துச்சே, வேலி கூட இல்லாம, அது எங்களுது. பெருசா நெனச்சுக்காத, ஒரு ஏக்கர் கூடத் தேறாது. எங்க வீட்டுக்காரரு நூல் மில்லுல வாட்ச்மேன். ஊரான் வீட்டு கேட்டுக்கெல்லாம் காவல் காப்பாரு, சொந்தத் தோட்டத்துக்குக் காவல் இல்ல. நான் நூறு நாள் வேலைக்குப் போயிருவேன். ஒரே மக முத்துமீனா, அவள மதுரையில கட்டிக் குடுத்தாச்சு. அப்பறம் ரோட்டோரம் கடை போட்டா யாரு ஒக்காருறது?

அதான் ஆளில்லாமலே கடை போட்டேன். விடிய பழத்தப் பறிச்சு, சாக்க விரிச்சு, கூறு கட்டி வச்சிருவேன். கூறு இருவது ரூவா. எடை கெடை ஒண்ணும் கெடையாது. பக்கத்துல இந்தப் பொட்டி. எடுத்துக்க, காசப் போட்டுட்டுப் போ, அம்புட்டுத்தான். போன்ல போடுறவங்களுக்கு மரத்துல ஒரு அட்டை தொங்கும், கட்டம் கட்டமா இருக்குமே, அது. காசு வந்தா சத்தமாச் சொல்ற மிசின் ஒண்ணும் பேங்குக்காரத் தம்பி குடுத்துச்சு. அதக் கெளையில கட்டி வச்சோம். ஆளே இல்லாத கடையில அது யாருக்குடி சொல்லுதுன்னு எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு.

மனுசன நம்பணும் தாயி. எங்க வீட்டுக்காரரு எவனையும் நம்ப மாட்டாரு, வாட்ச்மேன் புத்தி. நான் அப்படி இல்ல. பழத்த வச்சிட்டுத் திரும்பிக் கூடப் பாக்காமப் போயிருவேன். வேலை இல்லாத நாள்ல மட்டும் எதுத்தாப்புல ஒரு கருவேலம் பொதரு இருக்கு, அதுக்குப் பின்னால ஒக்காந்திருப்பேன். சும்மா, நெழலுக்குத்தான்.

அங்க இருந்து பாக்கணும் நீ, மனுசப் பயலுக பண்ற வேலைய! ரெண்டு கூற அள்ளிக்கிட்டு ஒரு கூறுக்குக் காசு போடுவாய்ங்க. ஒருத்தன் எல்லாக் கூறுலயும் பெரிய பழமாப் பொறுக்கி ஒரே கூறாக் கட்டி, அதுக்கு இருவது ரூவா போட்டுட்டுப் போறான். காசு போட்டவன என்னான்னு வையிறது? கார்ல வந்த ஒரு பொம்பள, பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, பொட்டி மேல கைய வச்சு, போடுற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டி, அப்படியே கைய மூடிக்கிட்டுப் போயிட்டா. பாக்க ஆளே இல்லாத எடத்துல யாருக்கு நடிக்கிறா சொல்லு? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஆனா பொதர விட்டு எந்திரிக்க முடியல. எந்திரிச்சா நான் நம்பலைன்னு ஆயிருமே.

வீட்டுல வந்து பொலம்புனா, "ஆளில்லாத கடைன்னா அப்படித்தான்டி, ஒண்ணு நீ போயி ஒக்காரு, இல்ல வாய மூடு"ன்னாரு. எனக்கு ரோசம் வந்துருச்சு.

மாட்டுக் கொட்டாயில ஒரு பழைய அருவா கெடந்துச்சு, பிடி கழண்டு போனது. அதத் தேச்சுக் கழுவி, சாக்குக்குப் பக்கத்துல மண்ணுல நட்டேன். மஞ்ச தடவி, குங்குமம் வச்சேன். எம் பழைய செவப்பு ரவிக்கைத் துணியக் கிழிச்சு அதுல சுத்துனேன். நுனியில ஒரு எலுமிச்சம்பழத்தக் குத்துனேன். அம்புட்டுத்தான் தாயி நான் செஞ்சது. எங்க பக்கம் தென்னந்தோப்பு, கரும்புக் காட்டுக்கெல்லாம் இப்படிக் கட்டி விடுறதுதான். கருப்பு காவல்னு சொல்லுவோம். அதப் பாத்துட்டு எந்தக் கொம்பனும் ஒரு தென்னமட்டையக் கூடத் தொட மாட்டான்.

ஆனா அதுக்கு மொறை இருக்கு. கோயில் பூசாரிகிட்டச் சொல்லணும். அவரு கருப்புகிட்ட உத்தரவு கேட்டு, திருநூறு குடுத்து விடணும். நான் சொல்லல. சொன்னா கெடா வெட்டுன்னுவாரு, கூறு இருவது ரூவாய்க்கு விக்கிறவ கெடாய்க்கு எங்க போவா? மனுசனப் பயமுறுத்தத்தான நட்டேன், சாமியக் கூப்புடவா நட்டேன்? நட்டு முடிச்சு எந்திரிக்கிறப்போதான் இந்த வாய் சும்மா இருக்கல. "கருப்பா, பாத்துக்கப்பா"ன்னு சொல்லிப்புட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. வீட்டப் பூட்டிட்டுக் கெளம்புறப்போ சொல்லுவோம்ல, அது மாதிரி.

அவன் அதப் பேச்சுக்குன்னு எடுத்துக்கிட்டானா இல்லையான்னு எனக்கு யாரு சொல்லுவா?

மறுநா வேலை முடிஞ்சு வந்து பாக்குறேன், வித்த கூறுக்குச் சரியாக் காசு இருக்கு. அடுத்த நாளும் அப்படியே. எனக்கு வாயெல்லாம் பல்லு. ஒரு நா சாக்கு மேல ஒரு பழம் மட்டும் தனியாக் கெடக்கு. எடுத்தா, ஒரு கடி கடிச்ச பழம். கடிச்ச பெறகுதான் அருவாளப் பாத்திருப்பான் போல. காசையும் போட்டு, கடிச்ச பழத்தையும் திருப்பி வச்சிட்டு ஓடியிருக்கான். அன்னைக்கு நானும் அவரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். இன்னைக்குத்தான் யோசிக்கிறேன் தாயி. அந்த மனுசன் அங்க என்னத்தப் பாத்து அப்படி ஓடுனானோ.

அதுக்கப்புறம் ஒரு லாரி நின்னுச்சு. நான் பொதருல இருந்தேன். சும்மாதான். டிரைவரு எறங்குனாரு, செருப்பக் கழட்டுனாரு, அருவாளுக்கு ஒரு மாலையப் போட்டாரு. தேங்காய ஒடச்சாரு. பொட்டியில நோட்ட மடிச்சுப் போட்டாரு. ஒரு பழம் எடுக்கல. கண்ண மூடிக் கும்புட்டுட்டு லாரியில ஏறி, ரெண்டு தடவ ஆரன் அடிச்சுட்டுப் போயிட்டாரு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு.

ஒரு லாரி நின்ன எடத்துல பத்து லாரி நிக்கும்ல. நின்னுச்சு. கார் நின்னுச்சு. மினி பஸ்ஸு நின்னுச்சு. கெளையில மணி கட்டுனாய்ங்க. பழத்த எவனும் தொடல. "ஏய்யா, நல்ல பழம், எடுத்துட்டுப் போங்கய்யா"ன்னு நானே ஒரு நா பொதருல இருந்து வெளிய வந்து சொன்னேன். "சாமி தோட்டத்துப் பழம், எதுக்கும்மா வம்பு"ன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டான். பழமெல்லாம் மரத்துலயே கனிஞ்சு, கிளி கொத்தி, கீழ விழுந்து அழுகுது. பொட்டி மட்டும் நெறையுது.

நான் வச்சது கல்லாப் பொட்டி தாயி. அவய்ங்க கண்ணுக்கு அது உண்டியலு. பொட்டி ஒண்ணுதான், ஓட்டையும் ஒண்ணுதான். உள்ள விழுந்த பெறகு எது பழத்துக்கு விழுந்தது, எது சாமிக்கு விழுந்ததுன்னு யாரு பிரிக்கிறது?

ஒரு கூத்தக் கேளு. எம் மரத்துல, நான் தண்ணி ஊத்தி வளத்த மரத்துல, நான் ஒரு பழத்தப் பறிச்சுக் கடிக்கிறேன். பைக்குல வந்த ஒருத்தன் வண்டிய நிப்பாட்டிட்டு, "ஏம்மா, காசு போட்டுட்டியா? கருப்பு காவலு, வெளையாடாத"ங்கறான். "இது என் தோட்டம்டா"ன்னேன். அவன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க"ங்கறான். எனக்கு வந்த கோவத்துக்கு செருப்பக் கழட்டியிருப்பேன். ஆனா அவன் போற வரைக்கும் நின்னு பாக்குறான். அவன் பின்னால அந்த அருவாளும் பாக்குற மாதிரியே இருக்கு. முந்தானையில இருந்த பத்து ரூவாய எடுத்து எம் பொட்டியில நானே போட்டேன் தாயி. போட்ட பெறகுதான் கடிச்சது தொண்டையில எறங்குச்சு.

அன்னைக்கு நம்பிட்டேன். யார நம்புனேன்னு கேக்காத.

இன்னொன்னு சொல்றேன், நீ பயந்துக்காத. ஒரு நா உச்சிப் பொழுது. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. வெயிலு அப்படிக் கொளுத்துது. நான் விழுந்த பழத்தையெல்லாம் கூட்டி அள்ளிக்கிட்டிருக்கேன். திடீர்னு எம் பின்னால ஒரு பொம்பளக் கொரலு, "நூற்றி ஒரு ரூபாய் பெறப்பட்டது"ங்குது. திரும்பிப் பாக்குறேன், ஆளே இல்ல. கெளையில கட்டுன அந்த மிசினு. சரி, எவனோ வந்து போட்டிருக்கான்னு இந்தப் பக்கம் பாக்குறேன், அந்தப் பக்கம் பாக்குறேன், வண்டி சத்தம் கூட இல்ல. நிக்கிறப்பவே மறுபடியும், "நூற்றி ஒரு ரூபாய் பெறப்பட்டது." மணி வேற காத்துல ஆடுது. கூடைய அங்கேயே போட்டுட்டு ஓடுனேன் பாரு, வீட்டு வாசல்ல வந்து விழுந்துதான் மூச்சு விட்டேன்.

எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு. "எவனோ அந்த அட்டையப் போட்டோ புடிச்சு எல்லாருக்கும் அனுப்பி விட்டிருக்கான்டி. சேலத்துல ஒக்காந்துக்கிட்டும் போடலாம், சிங்கப்பூர்ல ஒக்காந்துக்கிட்டும் போடலாம்"ங்கறாரு. இருக்கட்டுமே. சேலத்துல ஒக்காந்திருக்கிறவன் கொய்யாப்பழத்துக்கா நூத்தி ஒண்ணு போடுறான்? நூத்தி ஒண்ணுன்னா அது வெலையா தாயி? நீயே சொல்லு. அந்தக் காசு எங்க போகுது? என் அக்கவுண்டுக்குப் போகுது. என் நூறு நாள் கூலியும் அதுலதான் விழுகுது. கலந்து போச்சு. கூலியையும் காணிக்கையையும் பேங்கால கூடப் பிரிக்க முடியாது.

அந்த நேரத்துலதான் முத்துமீனாவுக்கு ஏழாம் மாசம் வந்துச்சு. வளைகாப்பு போடணும். சம்பந்தி வீடு கொஞ்சம் வசதியான எடம், அவங்க முன்னால தல குனிய முடியுமா? பட்டுச் சேலை எடுத்தேன். அஞ்சு வகைச் சாதம் கட்டுனேன். கண்ணாடி வளையலு, கை நெறைய, பச்சையும் செவப்புமா. எல்லாம் அந்தக் காசுதான். பொட்டியத் தொறந்தும் எடுத்தேன், பேங்குல இருந்தும் எடுத்தேன். எந் தோட்டம், எம் பொட்டி, என் போன் நம்பரு. நான் என்ன அடுத்தவன் வீட்டுல புகுந்தா எடுத்தேன்? எங்காசத்தான எடுத்தேன்.

என்ன தாயி, அப்படிப் பாக்குற? பொட்டிய விட்ராத.

வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஸ்கூட்டில ஒரு பொண்ணு வரும். நித்யகலான்னு பேரு. டவுனு பொண்ணு, அமைதியான மூஞ்சி. ரொம்ப வருசமாப் புள்ள இல்லையாம். எங்க கொய்யாக் கெளையில மஞ்சத் துணியில தொட்டிலு கட்டிட்டுப் போயிருச்சு. உள்ள ஒரு சின்னக் கல்ல வச்சு. வர்றப்பல்லாம் அதக் கொஞ்ச நேரம் ஆட்டும். பொட்டியில காசப் போடும். ஒரு பழம் தொடாது. எங்கிட்ட மட்டும் "அம்மா, நல்லாருக்கீங்களா"ன்னு கேக்கும்.

வளைகாப்பு முடிஞ்ச வாரம் அது வந்துச்சு. புள்ள இல்லாத பொண்ணுக்கு வளைகாப்பு வளையல் போட்டு விட்டா நல்லதுன்னு சொல்லுவோம்ல? எனக்கு மனசு கேக்கல. எம் மகளுக்குப் போட்டதுல மிச்சம் ரெண்டு வளையலு வச்சிருந்தேன். கையப் புடிச்சுப் போட்டு விட்டேன். அது அப்படியே ஒடஞ்சு அழுதுருச்சு. "சாமியே குடுத்த மாதிரி இருக்கும்மா"ன்னு எங் கால்ல விழுகுது. நான் தூக்கி விடுறேன். அது கண்ணத் தொடச்சுக்கிட்டு என்னையப் பாத்துக் கேட்டுச்சு: "அம்மா, நான் போடுற காசெல்லாம் சாமிக்குப் போயிச் சேந்துருதுல்ல?"

"சேந்துருச்சும்மா"ன்னேன்.

அது கையில கெடக்குற வளையலே அது போட்ட காசுதான். சாமிக்குப் போட்டத எடுத்து அதுக்கே மாட்டி விட்டிருக்கேன். அதையும் கும்புட்டு வாங்கிக்கிட்டுப் போகுது. அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல தாயி. அடுத்த வெள்ளிக்கெழம அது வரல. அதுக்கு அடுத்த வெள்ளியும் வரல. தொட்டிலு மட்டும் ஆடுது. காத்துலதான் ஆடுது, எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அந்தப் பக்கம் பாக்குறதில்ல.

பயம் தாங்காம கோயில் பூசாரிகிட்டப் போனேன். எல்லாத்தையும் சொல்லல. உத்தரவு கேக்காமக் காவல் கட்டிட்டேன், பொட்டியில காணிக்க விழுந்துருச்சு, என்ன செய்யன்னு மட்டும் கேட்டேன். அவரு கத்தல, வையல. வஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். "பொட்டியத் தொறக்காமக் கொண்டாந்து நடையில வையி. கொண்டாந்த கையாலயே சூடத்த ஏத்தி, 'இந்தக் காசுல நான் கை வைக்கல'ன்னு சத்தியம் பண்ணி அணைச்சுட்டுப் போ. முடிஞ்சது"ன்னாரு. "பொய்யா அணைச்சா?"ன்னு கேட்டேன். யாருக்கோ கேக்குற மாதிரிதான் கேட்டேன். அவரு என்னையப் பாத்தாரு. "வீட்டுல புள்ள குட்டி இருக்குல்ல?"ன்னாரு. அதோட நிறுத்திக்கிட்டாரு. மிச்சத்த அந்த மனுசன் சொல்லியிருக்கலாம்.

காதுல கெடந்த தோட்ட அடகு வச்சு, எடுத்ததையெல்லாம் திருப்பிப் போட்டேன் தாயி. இந்தா காதப் பாரு, வேப்பங்குச்சிதான். ஆனா எம்புட்டு எடுத்தேன்னு யாருக்குத் தெரியும்? கூடப் போட்டேனோ, கொறையப் போட்டேனோ. திருப்பிப் போட்டா கை வைக்கலன்னு ஆயிருமா? அதான் கோயிலுக்குப் போகாம இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன்.

இன்னைக்குக் காலையில முத்துமீனா போன் பண்ணுறா. "அம்மா, வயித்துல புள்ள நேத்துல இருந்து அசையலம்மா"ங்கறா. அழுகல. அழுதிருந்தாக் கூடப் பரவாயில்ல, மெதுவாச் சொல்றா. எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்து நேராப் போயி ஆஸ்பத்திரியில சேத்துட்டாரு. பிரசர் ஏறியிருக்காம். ஆபரேசன்தாங்கறாங்களாம். "நீ வெரசா வாடி"ங்கறாரு. பெத்தவ நான் எங்க ஓடியிருக்கணும்? ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும்ல? நான் தோட்டத்துக்கு ஓடுனேன்.

அருவாளப் புடுங்கி எறிஞ்சுட்டா காவல் போயிரும்னு நெனச்சேன். ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்குறேன், வரல. குனிஞ்சு பாக்குறேன், எவனோ வேண்டுதலுக்கு சிமிண்டுல பீடம் கட்டி விட்டிருக்கான். எப்பக் கட்டுனான்னே தெரியல. நான் நட்டத என்னாலயே புடுங்க முடியல தாயி. அங்கேயே ஒக்காந்து ஓன்னு அழுதேன். அப்பறம் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து இந்த பஸ்ஸ மறிச்சேன்.

இந்தா, பாலம் தாண்டிருச்சு. அடுத்தது கோயில்தான். எந்திரி தாயி, எந்திரி. பொட்டிய இந்தப் பக்கம் நீட்டாத, நீயே வச்சுக்க. நான் எறங்கல.

கேளு, நேரம் இல்ல. நான் அங்க போயி எந்தக் கையால சூடத்த அணைப்பேன்? அணைச்சா எம் மக வயிறு என்னாகும்? ஆனா நீ அணைக்கலாம். நீ அதுல கை வைக்கலையே. பொட்டியக் கொண்டு போன கை உன் கை. "இதுல நான் கை வைக்கல"ன்னு நீ சொன்னா அது சத்தியமான வார்த்தை. யாரு குடுத்தான்னு பூசாரி கேட்டா, பஸ்ஸுல ஒரு பொம்பளன்னு சொல்லு. அதுவும் உண்மைதான. நான் நல்லா யோசிச்சுட்டேன், இதுல ஒரு பொய்யும் இல்ல.

ஏறுன உடனே கண்டக்டர்கிட்டக் கேட்டேன், கோயில் ஸ்டாப்புக்கு யாரு டிக்கெட் எடுத்திருக்காங்கன்னு. ரெண்டு பேரக் காட்டுனாரு. இன்னொருத்தி கையில புள்ள இருந்துச்சு. அவகிட்ட குடுக்க எனக்கு மனசு வரல. எனக்கும் மனசாட்சி இருக்குல்ல? அதான் உங்கிட்ட வந்தேன்.

போன் அடிக்குது. அவருதான். வேணாம், எடுக்காத, எங் கையில இருந்து வாங்காத! ஆபரேசன் முடிஞ்சிருக்கும். என்னாச்சுன்னு சொல்லத்தான் கூப்புடுறாரு. நான் எடுக்க மாட்டேன். இந்தக் காசு போயிச் சேராம அந்தச் சேதிய நான் கேக்க மாட்டேன். நீ போயி பொட்டிய நடையில வச்சு, சூடத்த அணைச்சுட்டு எனக்கு ஒரு மிஸ்டு காலு குடு. நம்பரு பொட்டி மேலயே இருக்கு. அது வந்த பெறகுதான் நான் அவரு போன எடுப்பேன். அது வரைக்கும் அடிக்கட்டும். விட்டு விட்டு அடிக்கட்டும். எம் பேரப்புள்ள இருக்கா இல்லையாங்கறது இப்ப உன் கையிலதான் தாயி இருக்கு.

நீ கொண்டு போகாம அப்படியே வீட்டுக்குப் போயிட்டாலும் எனக்குத் தெரியப் போறதில்ல. உம் பேரக் கூட நான் கேக்கல பாரு. நான் மனுசன நம்புறவ. நம்பித்தான் குடுக்குறேன்.

கண்டக்டரய்யா, விசில் அடிச்சிராதீங்க, இந்தப் பொண்ணு எறங்குது! பாத்து எறங்கு தாயி, படி ஒசரம். ரெண்டு கையாலயும் புடிச்சுக்க. போற வழியில உள்ள என்னமோ உருளுதேன்னு பயந்துராத. சில்லறை இல்ல, எலுமிச்சம்பழம். அந்த அருவா நுனியில இருந்தது. சும்மா, வாசத்துக்குத்தான் போட்டேன்.